ஆறு மணிக்கு ஒரு தடவை

மே 19, திங்கள்

விடைத்தாள் கட்டில் இன்னும் நாற்பது பாக்கி. வேற்றுமை உருபுகளை விளக்கச் சொன்னால் ஒரு பெண், "கு என்பது நான்காம் வேற்றுமை, அது எல்லோருக்கும் உதவும்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன். உதவாது என்று நான் எப்படிச் சொல்வது?

இவ்வளவு தாராளம் எனக்கு வரக் காரணம் புதன்கிழமை. புதன்கிழமை எங்கள் பெண் ஸ்ம்ருதிக்கு டான்சில் ஆபரேஷன். பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்புதான் வரும். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதும் சிரித்துத் தொலைத்தேன், ஆல்பம் முழுக்க அந்தப் பல்தான். ஏழு வயசுக் குழந்தை, இருபது கிலோ, குறட்டை மட்டும் பெரிய ஆள் விடுவது. நடுவில் மூச்சு நின்றுவிடும். நானும் ரவியும் எழுந்து உட்கார்ந்து அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்போம். அப்புறம் ஒரு உறுமல் வரும், இரண்டு பேரும் திரும்பப் படுத்துக்கொள்வோம். இரண்டு வருஷமாக இந்தக் கூத்து. புதனோடு சரி!

டாக்டர் சூர்யபிரகாஷ் ஐஸ்க்ரீம் கொடுக்கச் சொல்லிவிட்டார். ரவி மூஞ்சியைப் பார்க்கணுமே. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அக்னி நட்சத்திரத்திலும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போகிற ஜென்மம். "ஐஸ்க்ரீமா சார்? தொண்டைக்கா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். (இங்கே எழுதும்போது அவன் இவன். நாத்தனார் வீட்டுக்காரர் முன்னால் 'அவர்'. ஊருக்குத் தகுந்த மாதிரி மரியாதை.)

மே 20, செவ்வாய்

மூன்று டப்பா ஐஸ்க்ரீம் வந்து இறங்கியது. ஸ்ம்ருதி ஃப்ரீசரைத் திறந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

மே 21, புதன்

முடிந்தது. முடிந்தேவிட்டது!

டாக்டர் இரண்டு டான்சிலையும் ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார். நெல்லிக்காய் அளவு இருந்தன. ரவி "ஓஹோ" என்றான், நாற்காலியில் உட்கார்ந்தான், நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினான். நர்ஸ் நஜ்மா ஓடி வந்து அவனைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தாள். ஒரே அறையில் எனக்கு இரண்டு நோயாளி. குழந்தை கண் விழித்தபோது அப்பா பக்கத்துக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்ததைப் பார்த்து, அவருக்கும் எடுத்தாச்சா என்று சைகையில் கேட்டாள்.

சத்தமே இல்லாமல் தூங்குகிறாள். மூச்சு சீராக வருகிறது. நான் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அழுகையா சிரிப்பா தெரியவில்லை, மூக்கு மட்டும் ஒழுகுகிறது.

மே 22, வியாழன்

வீட்டுக்கு வந்தாச்சு.

கிளம்புவதற்கு முன் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். முதல் இரண்டு நாள் தேவலை போலிருக்கும், அப்புறம் வலி ஏறும், காது வரைக்கும் போகும். தொண்டையில் வெள்ளையாகப் படியும், அது புண் ஆறுகிற லட்சணம். ரத்தம் வந்தால் மட்டும் எந்த நேரமானாலும் ஓடி வரணும். தண்ணீர் குடிக்காமல் விடவே கூடாது. வலிக்கு இரண்டு சிரப், ஒன்று பாரசிட்டமால், இன்னொன்று இபுப்ரொஃபென். வலிக்கிறதோ இல்லையோ விடாமல் கொடுக்கணும்.

அப்புறம் ஒன்று சொன்னார், அதற்கு மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். கோடீன் கலந்த இருமல் மருந்தோ, டிராமடாலோ வீட்டில் யாரிடமாவது இருந்தால் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதாம். சில குழந்தைகளின் உடம்பு கோடீனைச் சட்டென்று மார்ஃபினாக மாற்றிவிடும், அப்படியே மயங்கி மூச்சு மெதுவாகிவிடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்த பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து.

"எந்தக் குழந்தைக்கு அப்படி ஆகும்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா. அதனால யாருக்குமே வேணாம்."

லிஃப்ட் வரைக்கும் நஜ்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பாட்டிலையும் எடுத்துக் காட்டி, "மேடம், இது ஆறு மணிக்கு ஒரு தடவை. இது எட்டு மணிக்கு ஒரு தடவை. மறந்துடாதீங்க" என்றாள். மருந்துக்கடைக்காரரும் மூடிமேல் ஸ்கெட்ச் பேனாவால் 6 என்றும் 8 என்றும் கொட்டையாகப் போட்டுக் கொடுத்திருந்தார். ரவிக்கு ஒரே சந்தோஷம். காலையில் ஆறு, எட்டு. சாயங்காலம் ஆறு, எட்டு. எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறார்கள் என்று வழி முழுக்க வியந்துகொண்டு வந்தான். செல்போனில் அலாரமும் வைத்துவிட்டான்.

மே 23, வெள்ளி

இது வீடா திருவிழாவா? ஸ்ம்ருதி பேசக்கூடாது என்று பூஜை மணியை எடுத்துக் கையில் கொடுத்தேன். வலித்தால் அடி என்றேன். அடித்தாள். வெனிலா. அடித்தாள். மாம்பழ ஐஸ்க்ரீம். அடித்தாள், ஓடினேன், டிவி ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்து அந்த மணி இவ்வளவு பக்தியோடு என்றைக்கும் அடிக்கப்பட்டதில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டுப் போகிறார்கள். அழவே இல்லையே, என்ன சமத்து, என்ன சமத்து! மாடி வீட்டு மாமி சொன்னாள், அடுப்பு கேஸ் போட வந்த பையன்கூடச் சொன்னான். நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன். ஆபரேஷன் என்றால் இப்படியல்லவா இருக்கணும் என்று ரவியிடம் சொன்னேன். அவன் வெந்நீர் குடித்துக்கொண்டு தலையசைத்தான்.

மே 24, சனி

இன்றைக்கு மணி அவ்வளவாக அடிக்கவில்லை. வெனிலா பாதி அப்படியே உருகிப்போய்க் கிடக்கிறது. சலித்துவிட்டதோ என்னவோ.

மே 25, ஞாயிறு

இதைச் சாயங்காலம் எழுதுகிறேன். சிரிக்கிறேன், பைத்தியம் மாதிரி. வரிசையாக எழுதணும்.

காலையில் எழுந்ததிலிருந்து குழந்தை எச்சில்கூட முழுங்கவில்லை. ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதிலேயே துப்பினாள். ஆறு மணி மருந்தும் எட்டு மணி மருந்தும் கண்ணில் ஜலத்தோடு எப்படியோ இறங்கின. அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. காதைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானம் வரைக்கும் ஒண்ணுக்குப் போகவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்தை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்டார். ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை டாக்டர் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்! அப்படியென்றால் சாயங்காலம் ஆறரை வரைக்கும் பாருங்கள், ஒன்றும் குடிக்கவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், டிரிப் போட்டுவிடலாம், ரொம்ப வலித்தால் பலமான மருந்தை ஆஸ்பத்திரியில் வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே கொடுக்கலாம் என்றார். டிரிப் என்ற வார்த்தை ஸ்ம்ருதி காதில் விழுந்துவிட்டது. ஊசிக்கு அவள் எப்படிப் பயப்படுவாள் என்று எனக்குத்தான் தெரியும். போர்வைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சீர்காழியிலிருந்து அத்திம்பேர் வந்து நின்றார். சந்தானகிருஷ்ணன், ரவியின் அக்கா வாலாம்பாளின் வீட்டுக்காரர். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக இருந்து ரிட்டயர் ஆனவர். சிதம்பரத்திலிருந்து மாயவரம் வரை எல்லா டாக்டரும் பழக்கம். ஒரு கையில் மாம்பழம், இன்னொரு கையில் ஒரு இருமல் மருந்து பாட்டில். குழந்தையை எட்டிப் பார்த்தார், முகம் வாடிப்போயிற்று. அவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர்.

"ஒரே ஒரு மூடி குடும்மா. வலி தெரியாம சமத்தா தூங்கிடுவா. எங்காத்துல ரெண்டும் இதைக் குடிச்சு வளர்ந்ததுதான்."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். கோடீன். டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்றேன். அத்திம்பேருக்குச் சுருக்கென்றது. இந்தக் காலத்து டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துவார்கள் என்றார். ரவி கதவோரம் நின்று குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி மூடி மட்டும் கொடுத்தால் என்ன, ஒரே ஒரு தடவைதானே என்றான். குரலே அவனுடையதாக இல்லை.

நான் என்ன செய்தேன்? ஊற்றினேன். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள், ரவிமேல் பழி போட முடியாது, நான்தான் தலையாட்டினேன், நான்தான் மூடியில் ஊற்றினேன். போர்வையை விலக்கினேன். அம்மா கையில் மூடியைப் பார்த்ததும் வலிக்க வலிக்க வாயைத் திறந்தாள். எதுக்குன்னு கேக்கலை. அவ கேக்கலையே! தூங்கறபோது மூச்சு நின்னா அடுத்த மூச்சுக்கு நாங்க காத்துண்டிருப்போமே, அந்த நேரம் நெஞ்சு எப்படி அடைக்குமோ அப்படி அடைச்சுது. முடியலை. மூடியை மேஜைமேல வெச்சுட்டேன்.

முடியாது அத்திம்பேர், வேண்டாம், ஆஸ்பத்திரிக்கே போகிறோம் என்றேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சரி, நான் கிளம்பறேன், சீர்காழிக்கு பஸ் எப்போ என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நேரடி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நான் வழி சொன்னேன்.

"கும்பகோணம் போயிடுங்கோ அத்திம்பேர். அங்கேர்ந்து அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

சொல்லிவிட்டு நின்றேன். வாய் திறந்தபடியே நின்றேன்.

அரை மணிக்கு ஒரு பஸ். அரை மணி என்று கடிகாரத்தில் ஒரு மணி உண்டா? அரை மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்றுதானே அர்த்தம்! அப்படியென்றால் ஆறு மணிக்கு ஒரு தடவை?

"ரவீ!" என்று கத்தினேன். ரத்தம் வந்துவிட்டதென்று நினைத்து அவன் வாளியோடு ஓடி வந்தான். எதற்கு வாளி? அவனுக்கே தெரியாது. நான் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கினான். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நாலு. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் மூன்று. ஒரு நாளைக்கு ஏழு தரம் கொடுத்திருக்க வேண்டியது, நாங்கள் கொடுத்தது நாலு. அதிலும் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் குழந்தைக்கு ஒன்றுமே கிடையாது. அவன் கணக்கு வாத்தியார். நான் தமிழ் வாத்தியார். நான்காம் வேற்றுமை உருபு எங்கள் இரண்டு பேர் தலையிலும் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நஜ்மாதான் எடுத்தாள். "ஐயோ மேடம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாங்க எல்லார்கிட்டயும் 'ஆறு மணிக்கு'ன்னுதான் சொல்லுவோம்" என்றாள், அழுதுவிடுவாள் போலிருந்தது. டாக்டர் போனை வாங்கினார். அப்போது மணி மூன்று. பாரசிட்டமாலை இப்போதே கொடுங்கள், நாலு மணிக்கு மற்றது, அதே அளவுதான், விட்டுப்போனதற்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், ஆறரைவரை பார்ப்போம் என்றார். மேஜைமேலிருந்த மூடியைப் பற்றியும் சொன்னேன். கீழே கொட்டிவிடுங்கள் என்றார்.

அத்திம்பேர்தான் கொட்டினார். மூடியை அலம்பினார், பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டார். துண்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, குழந்தை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு மருந்தும் அழுகையோடு எப்படியோ இறங்கின. நாலே முக்கால் இருக்கும். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. தண்ணீர் என்று காட்டியது. ரவி ஓடினான். என்ன கொண்டுவந்தான் தெரியுமா? ஐஸ் தண்ணீர்! அவனே ஐஸ் கட்டி தட்டிப் போட்டு, அவனே கலக்கி! அத்திம்பேர் ஒரு ஸ்பூனுக்கு ஒரு பொய் சொன்னார். மாயவரத்து டாக்டர் ஒருவர் தனக்கே ஊசி போட்டுக்கொண்ட கதை, வைத்தீஸ்வரன்கோவிலில் குரங்கு இவருடைய மருந்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய் மாத்திரையெல்லாம் தின்றுவிட்டு இரண்டு நாள் தூங்கின கதை. ஸ்பூன் ஸ்பூனாக ஒரு டம்ளர் இறங்கியது. அப்புறம் அரை டம்ளர் மோர்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். ஸ்ம்ருதி எழுந்தாள். பாத்ரூமுக்குப் போனாள். நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று காதைக் கொடுத்தோம். போனாள்! கை தட்டினோம், தட்டாமல் என்ன செய்வது? ரவி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான், அத்திம்பேர் எதிரில், பதினோரு வருஷத்தில் முதல் தரமாக. அத்திம்பேர் அதைக் கவனிக்கவே இல்லை. சீர்காழிக்குப் போன் போட்டு, "வாலா, குழந்தை ஒண்ணுக்குப் போயாச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வேண்டாம். டிரிப் வேண்டாம். பகவானே, ஒன்றும் வேண்டாம்.

மே 26, திங்கள்

நேரப்படி கொடுத்ததில் ஆளே மாறிவிட்டாள். வலி இருக்கிறது, ஆனால் தண்ணீர் போகிறது, ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்தால் போகிறது. மூக்கால் பேசுகிறாள்.

சனிக்கிழமையே வலித்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமை? அதற்கும் ஆட்டினாள். ஏண்டி மணி அடிக்கலை, ஐஸ்க்ரீமுக்கு அடிச்சியே என்றேன்.

"அழாம இருந்தா சமத்துன்னு எல்லாரும் சொன்னேளே. அதான் சமத்தா இருந்தேன்."

அடிப்பாவி. அடி என் கண்ணே. கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன், அவள்தான் எனக்கு டம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாளாக அந்த வார்த்தையை அவள் தலையில் சுமத்தினதில் என் பங்குதான் ஜாஸ்தி. இனிமேல் வலி எவ்வளவு என்று விரலில் காட்டணும், குறைத்துக் காட்டினால் கோபித்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன். மத்தியானம் நாலு விரல் காட்டினாள். சாயங்காலம் இரண்டு. ஐஸ்க்ரீம் டப்பாவைப் பார்த்ததும் எட்டு.

மே 28, புதன்

அத்திம்பேர் இன்னும் கிளம்பவில்லை. நேற்று குரங்குக்கு மூன்றாம் பாகம் வந்தது, இந்தத் தரம் குரங்குக்குக் கல்யாணம்.

ஜூன் 4, புதன்

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். வெள்ளையெல்லாம் உரிந்து சுத்தமாகிவிட்டதாம். ஸ்ம்ருதி அகலமாக வாயைத் திறந்து காட்டி, மூடிவிட்டு, முறுக்கு எப்போ என்றாள். இன்னும் ஒரு வாரம் என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வரும்போது லிஃப்ட் பக்கம் நஜ்மா ஒரு அம்மாவிடம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "காலைல ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பன்னெண்டு. எங்கே, நீங்க திருப்பிச் சொல்லுங்க." அந்த அம்மா சொன்னாள். நஜ்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, அவளுக்கும்தான். அந்த அம்மா தன்னைத்தான் கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பாள், பாவம்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் தெருவில் சைக்கிள் விடும்போது ஸ்ம்ருதி கவிழ்ந்துவிட்டாள். முழங்காலில் நல்ல சிராய்ப்பு, கொஞ்சம் ரத்தம்.

அவள் போட்ட சத்தம்! வலிக்கறது, வலிக்கறது, அம்மா வலிக்கறது என்று தொண்டை கிழியக் கத்தினாள். எனக்கு இப்படி ஒரு தொண்டை அவளிடம் இருப்பதே தெரியாது. தெருவில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்தது. நான் காலைக் கழுவி மருந்து போட்டு, வாசற்படியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அல்லா பிச்சை பாய் பதறிப்போய் வந்தார். "ஏம்மா, புள்ள இப்புடி கத்துது, அழாதன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

"அழட்டும் பாய்," என்றேன். "அவளுக்கு வலிக்கறதாம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்தார். ஸ்ம்ருதி நிறுத்தாமல் பத்து நிமிஷம் அழுதாள்.